விளிம்புல ஓட்டை விழுதா?

முப்பந்தல் காத்தாடி இறக்கையைப் பாருங்க மக்கா, எங்கயாவது தட்டையா இருக்கா? அப்படி வளைஞ்ச சாம்பிள்ல புள்ளி தெளிச்சு, ரெண்டு கேமரா வச்சு ஸ்டீரியோ டிஐசி செய்தா, நடுவுல ஸ்ட்ரெயின் அழகா வரும். விளிம்புல ஓட்டை விழும். சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க. வளைவு திரும்புற இடத்துல ஒரு கேமராவுக்கு வட்டமா தெரியுற புள்ளி, இன்னொண்ணுக்கு நசுங்கித் தெரியும். கேமராக்களுக்கு இடையே உள்ள கோணத்தைக் குறைங்க. 15 முதல் 35 டிகிரி வழக்கம். ஆழத்துல துல்லியம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. விளிம்பு மங்கலா இருந்தா அபெர்ச்சரைச் சுருக்கி, லைட்டைக் கூட்டுங்க. கேமராவைத் தொட்டாச்சா? கேலிபிரேஷன் மறுபடியும் செய்யணும்.

லோடு கொடுக்கும் முன்னாடி, சாம்பிளை லேசா நகர்த்தி ஒரு படம் எடுங்க. ஸ்ட்ரெயின் பூஜ்யத்தை ஒட்டி வரணும். அங்கயே 300 மைக்ரோஸ்ட்ரெயின் காட்டினா, அப்புறம் வர்ற 350-ஐ ரிசல்ட்னு ரிப்போர்ட்ல எழுதாதீங்க.