கொழுவால் பாய்ச்சும் தண்ணீர்

புரட்டாசி பிறந்ததும் சிவகாசிக்காரர்கள் மேகத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். தீபாவளிச் சரக்கு காய வேண்டும். நாலு கிலோமீட்டர் தள்ளி உளுந்துக் காட்டில் நிற்பவருக்கோ அந்த மேகம்தான் முதல் போட்டவர்.

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. எழுபது நாள் பயிரான உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் 300 மி.மீ. தாராளம். கணக்கில் குறையே இல்லை. ஆனால் மழை ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து தடவையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச நாளுக்கு மண்தான் கம்மாய்.

கரிசல் மண்ணின் களித்துகள் தகடு தகடாக அடுக்கியது. தண்ணீர் புகுந்தால் தகடுகள் விலகி மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பின் இரு சுவர் வழியாகவும் அடிமண் ஈரம் வெயிலுக்குப் பறிபோகும். மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கினால் வெடிப்பு தூர்ந்துவிடும். ஈரம் மேலேறி வரும் நுண்துளைப் பாதையும் அறுந்துவிடும். பயறுக்கு நடுவே களைக்கொத்து போடுவதைக் களை எடுப்பதாக மட்டும் நினைக்கிறோம். தண்ணீர் காப்பதும் அதுதான்.

ஆனால் உழவுக்குப் பதம் வேண்டும். ஈரத்தில் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். காய விட்டால் கொழு இறங்காது. இடையில் கிடைப்பது சில நாள். அந்த நாளில்தான் ஊரே டிராக்டருக்கு அலையும்.

அதனால்தான் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம். விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. நல்ல மழை இறங்கினால்தான் கண் விழிக்கும். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவருவது இத்தகைய மானாவாரிச் சாகுபடியைத்தான்.

பயறுக்குத் தண்ணீர் மிஞ்சினாலும் ஆபத்து. வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்க மண்ணுக்குள் காற்று வேண்டும். உப்பிய கரிசலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செடி மஞ்சளடித்துவிடும். ஆழச்சால் அகலப்பாத்தி முறையின் அழகு இங்கேதான்: பாத்தியில் ஈரம் தங்கும், மிகுந்தது சாலில் வடியும். சால் வழியே வடிந்ததைப் பண்ணைக்குட்டையில் பிடித்துவைத்தால், பூவெடுக்கும்போது மழை ஏமாற்றினாலும் ஒரு தடவை மழைத்தூவான் போடலாம். அந்த நேரத்துக்கு அது போதும். வயல் நிரம்பப் பாய்ச்சுவது கெடுதல்.

விருதுநகர்க் கமிஷன் கடைகளில் நம்மூர் உளுந்தோடு விலையில் மல்லுக்கு நிற்பது பர்மா உளுந்து. அதுவும் வாய்க்கால் பாசனத்தில் விளைந்ததல்ல. அங்கே நெல் அறுத்த வயலில், எஞ்சிய ஈரத்தைக் குடித்தே வளர்கிறது.