புதிய கணிப்பொறியும் மின்சாரக் கேடும்

கணிப்பொறியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளுதல் நம் மாணவரிடையே காணப்படும் வழக்கமாகும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவற்றைப் பேருந்தில் மடிமீது வைத்துத் திருவண்ணாமலைக்குக் கொணர்ந்து, ஓரிரவில் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்துங்கால் பொறி உயிர்பெறாதாயின், மதர்போர்டு எரிந்துபோயிற்று என உடனே முடிவு கட்டுவாருளர். பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளைக் கொண்டு வேறொரு பலகை வாங்க, அதுவும் சின்னாளில் மாய்வதுண்டு. நோயைக் காண்பதோடு அமையாது அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவஞ் செய்தல் வேண்டுமென்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் விதித்தனர். இப்பொறிக்கும் அவ்விதியே பொருந்தும். ஆராய்ச்சியைச் சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்லுதலே முறை.

முதலாவது, வீட்டு மின்சாரம். மூன்று துளைகளையுடைய பிளக் பாயிண்டில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் இருத்தல் வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அவ்வளவே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேற்படலாகாது. இச்சோதனையைப் பழக்கமில்லாதார் எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்வித்தல் நன்று. எர்த் இல்லாத வீட்டிற்கு வேறோர் அடையாளமுண்டு. கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்னும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலிலுள்ள சிறு கபாசிட்டர்கள் இரு கம்பிகளையும் பெட்டியோடு இணைத்திருத்தலின், எர்த் அற்றவிடத்துப் பெட்டி ஏறக்குறையப் பாதி அழுத்தத்தில், அஃதாவது 115 வோல்ட்டளவில், நிற்கும். அந்நிலையில் தொலைக்காட்சிக் கம்பியைப் பூட்டுங்கால் அதன் வாயில் பழுதுறுதலுங் கூடும். மலையடிவாரத்துப் பாறைப் பாங்கான நிலத்தில், கோடையில் ஈரம் வற்ற, எர்த் குழியும் தன் ஆற்றலை இழக்கும். அக்குழிக்கு நீர் வார்க்க வேண்டுமென்று பெரியோர் கூறுவது வீண்பேச்சன்று.

தெருக் கம்பியில் நியூட்ரல் அறுபடுமாயின், ஒருமுனை இணைப்புள்ள வீட்டிற்கும் 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் வருதல் கூடும். சில விளக்குகள் மிக ஒளிர, வேறு சில மங்குதல் அதன் அறிகுறி. உடனே மெயினை நிறுத்தி மின்வாரியத்தார்க்கு அறிவித்தல் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்குங்கால் மின்கம்பி வழியே மட்டுமன்றி இணையக் கம்பி வழியாகவும் கேடு புகும். ஏனைய யாவும் இயங்க, இணையக் கம்பி பூட்டும் வாயில் மட்டும் செத்துக் கிடப்பின், மின்னலையே ஐயுறலாம்.

இரண்டாவது, எஸ்.எம்.பி.எஸ். இதன் இணைப்புக்களைப் பலகையினின்று கழற்றி, சுவிட்சை நிறுத்திய நிலையில், 24 முனையுள்ள பூட்டில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கிளிப்பால் இணைத்துப் பின்னர் மின்சாரம் விடுக. மல்டிமீட்டரில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட் காட்டுதல் வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு ஏறினும் குறையினும் குற்றமில்லை. கம்பிகள் யாவும் கறுப்பாயிருப்பின், 16-ஆம் முனையே பச்சைக்குரியது. விசிறி சுழலாமையை மட்டுங்கொண்டு பழுதென்று தீர்மானித்தலாகாது. பளு குறைந்தபோது விசிறியை நிறுத்தி வைக்கும் வகையும் உண்டு. எக்காரணத்தாலும் அப்பெட்டியைத் திறவாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருத்தல் கூடும். அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, மதர்போர்டு. விசிறி ஒருமுறை அசைந்து நின்றுவிடின், அது சாவுக் குறியன்று; எங்கோ ஷார்ட் உண்டென்று எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளும் செயலாகும். கேபினெட்டில் வேண்டாத இடத்தில் திருகிய பித்தளைக் காலொன்று பலகையின் அடிப்புறத்தைத் தொட்டாலே இது நேரும். பலகையை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வைத்து, பிராசஸரும் அதன் விசிறியும் ஒரே ராமும் மட்டும் பூட்டிச் சோதிப்பின் உண்மை விளங்கும். பிராசஸரின் அருகேயுள்ள 8 முனைப் பூட்டை மறந்து, பலகையைக் குறை கூறுவாரும் பலர். கருகிய புள்ளியும் தீய்ந்த நாற்றமும் இருப்பின் கேடு மெய்யே. எரிந்த உறுப்பைக் கடையார் மாற்றித் தர மறுப்பதும் பெரும்பான்மை வழக்கம்.

ஈண்டு ஒரு விதியை மறவற்க. ஐயத்திற்குரிய பலகையை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சோதிக்கலாம், ஐயத்திற்குரிய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு நல்ல பலகையை ஒருபோதும் பூட்டலாகாது. வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குரிய கழற்று கம்பிகளையும் பயன்படுத்தலாகாது. முனை ஒத்திருப்பினும் உள்வரிசை மாறுபட்டு உறுப்புக்களை எரித்துவிடும்.

ஆகவே, முதலில் வீட்டைச் செப்பனிடுக. பின்னர்ப் பொறியைச் செப்பனிடுக. எர்த் குழிக்கு ஆகும் சிறு செலவு, ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் பலகைகளைக் காக்கும். அதனினும் மேலாக, அப்பொறியைத் தொடும் கையையும் காக்கும்.