புது மோட்டாரும் பால் சொம்பும்

மோட்டார் வண்டி வாங்குவதில் இரண்டு கஷ்டங்கள் உண்டு. முதலாவது, பணம் கொடுப்பது. இரண்டாவது, "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று கேட்கும் சிநேகிதர்களுக்கெல்லாம் பதில் சொல்வது. முதல் கஷ்டம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆகவே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதி வைக்கிறேன்.

வண்டியின் பெயர் பி.எம்.டபிள்யூ. எம் 340 ஐ. பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராக் கணக்கைப் போல் இருக்கிறதல்லவா? தோற்றத்தில் அது நாலு கதவுள்ள சாதுவான குடும்ப வண்டிதான். பின்னால் அம்மாவும் குழந்தைகளும் சௌகரியமாக உட்காரலாம்; பெட்டி படுக்கையும் வைக்கலாம். ஆனால் முன்மூடியின் கீழே ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள் இருக்கின்றன. அவற்றின் சக்தி 387 குதிரை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 4.4 வினாடி போதும் என்கிறார்கள். "முருகா, முருகா, முருகா" என்று மூன்று தரம் நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்!

எங்கள் ஊர் சேதராப்பட்டு. வண்டியின் நம்பர் 'பி.ஒய்.' என்று ஆரம்பிப்பதைப் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் ஒரு புன்னகை புரிகிறார்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்பதற்காக, அங்கே குடியிராதவர்களும் போலி விலாசம் கொடுத்து உயர்ந்த விலை வண்டிகளைப் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017-இல் பெரிய சர்ச்சை எழுந்து வழக்கு வரையில் போயிற்று. அதன் பலன், மெய்யாகவே புதுச்சேரி மண்ணில் குடியிருக்கும் எங்களையும் ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வீட்டுக் கிணற்றையும் முருங்கை மரத்தையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது!

புது யந்திரத்தைப் பழக்கும் காலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, "வண்டிக்குப் பிறந்தகத்தைக் காட்டிவிட்டு வரலாம்" என்றேன். "ஜெர்மனிக்கா?" என்று சகதர்மிணி திடுக்கிட்டாள். "இல்லை, செங்கல்பட்டுக்கு" என்றேன்.

அது பரிகாசமல்ல. மூனிச் நகரத்துக் கம்பெனியாகிய பி.எம்.டபிள்யூ., செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 மார்ச்சில் தொழிற்சாலை திறந்தது. 2021-இல் அங்கே இணைக்கப்பட்ட வண்டிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. அதே வருஷம் மார்ச்சில், 62.90 லட்சம் ரூபாய் விலையில், எம் 340 ஐ வெளிவந்தது. 'எம்' என்ற பந்தய முத்திரை பெற்ற வண்டிகளில் இந்தியாவில் இணைக்கப்பட்ட முதல் வண்டி அதுதான்.

அம்மா முன் ஸீட்டில் ஏறிக்கொண்டாள். நாலு சக்கரத்தடியிலும் நாலு எலுமிச்சம்பழம் நசுங்க, புறப்பட்டோம். மயிலம் சாலையில் சிறிது தூரம் போனதும் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடுகிறது. எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். மதுக்கடைகளைக் கொண்டும் பெட்ரோல் விலையைக் கொண்டும்தான் ஊகிக்க வேண்டும். இந்த எல்லை அற்ப சொற்பமானதா? 1908-இல் பாரதியார் பிரிட்டிஷாரின் பிடிக்கு அகப்படாமல் இதற்கு உட்புறம் வந்து பத்து வருஷம் வாழ்ந்தார். 1918 நவம்பரில் கடலூர்ப் பக்கமாக இதைத் தாண்டியதும் கைதானார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கை மாறியது. இன்று என் வண்டி அந்த எல்லையைக் கண் இமைக்கும் நேரத்தில் கடக்கிறது. யாரும் நிறுத்துவதில்லை. சுங்கம் மட்டும் ஒழியவில்லை. ஆத்தூர்ச் சாவடியில் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும்.

கூட்டேரிப்பட்டில் பெரிய சாலையைப் பிடித்தோம். திண்டிவனத்துக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாலை வெறிச்சென்றிருந்தது. அங்கேதான் வண்டியின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டேன். மெதுவாகப் போகும்போது யந்திரம் ஓடுவதே தெரிவதில்லை. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. வலது காலைச் சற்று அழுத்தியதும் அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்டது. முதுகை யாரோ பிடித்து ஆசனத்தோடு அழுத்தினார்கள். எட்டு கியர்களும் தாமாகவே மாறுகின்றன. சக்தி நாலு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போவதால் வளைவிலும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு செல்கிறது. திருப்பும் சக்கரம் மனத்தில் நினைத்ததைக் கையால் செய்வதற்கு முன்பே அறிந்துகொள்வது போல் தோன்றுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஜாதி வண்டிகள் எல்லாமே தாழ்ந்து நிற்பவை. டயர்களும் பருமன் குறைந்தவை. முன்னறிவிப்பில்லாத வேகத்தடை எதிர்ப்பட்டால் மரியாதையாக ஊர்ந்துதான் ஏற வேண்டும்.

மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது மனம் காற்றில் பறந்துகொண்டிருந்தது. அப்போது என்ன வேகம் என்று அம்மா கேட்டாள். நான் கேட்காதவன் போல் இருந்துவிட்டேன். இங்கேயும் அந்த எண்ணை எழுதுவதற்கில்லை.

தொழிற்சாலையை வெளியிலிருந்துதான் பார்த்தோம். "இது சுதேசி வண்டியா, விதேசி வண்டியா?" என்று என் பையன் கேட்டான். நல்ல கேள்வி. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் இங்கிலாந்து ஆஸ்டின் கார்களைத்தான் இணைத்தது. 1955-இல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. இன்று அதன் லாரிகளும் பஸ்களும் தேசமெங்கும் ஓடுகின்றன. பிறர் வண்டியைப் பூட்டிப் பழகிய கைகள் சொந்த வண்டியைச் செய்யவும் பழகும். "பாதி சுதேசி, மீதியை உங்கள் தலைமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பையனிடம் சொன்னேன்.

திரும்பும் வழியில் மயிலம் முருகனைத் தரிசித்தோம். அம்மா ஒரு சொம்பு நிறைய அபிஷேகப் பால் வாங்கிக்கொண்டாள். சொம்புக்கு மூடி இல்லை. மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு போய்ச் சேரணும். அப்புறம் உன் வண்டி நல்ல வண்டி என்று ஒப்புக்கொள்கிறேன்" என்றாள்.

387 குதிரைகளையும் அடக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அந்தி மயங்கும் நேரம். சாலை குறுகல். மணிக்கு 60-க்கு மேல் போகவில்லை. ஒரு வளைவில் திடீரென்று பக்கத்துக் கப்பிச் சாலையிலிருந்து விளக்கில்லாத மொபெட் ஒன்று குறுக்கே வந்தது. ஓட்டியவர் பின்னால் ஒரு ஸ்திரீ. அவள் இடுப்பில் குழந்தை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நேர் கோட்டில், ஒரு பக்கமும் சாயாமல், நின்றது. எங்களுக்கும் மொபெட்டுக்கும் நடுவே பத்தடி இருந்திருக்கும். அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். என் கைகள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன. பால் அம்மாவின் புடவையெல்லாம் கொட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்கும் ஒரு வினாடிக்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்து நிற்க இன்னும் 15 மீட்டர். ஆக 32. வேகம் 100 ஆனால் மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர். 140 ஆனால் 115-க்கும் மேல். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. ஜெர்மானிய யந்திரமானாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. மதுராந்தகத்தில் ஓட்டியதைப் போல் நான் அந்த வளைவிலும் ஓட்டியிருந்தால்?

2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிக வேகத்தால் மாண்டவர்கள் என்று சர்க்கார் அறிக்கை கூறுகிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உலகத்தின் உயர்ந்த வண்டியைப் பூட்டுவதற்கு நம் வாலிபர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதை ஓட்டுவதற்கு என் போன்றவர்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே சிநேகிதர்களே, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால், அது அற்புதமாக ஓடுகிறது. அதைவிட அற்புதமாக நிற்கிறது. ஓட்டுகிறவனைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம் இன்னும் தெரியவில்லை. புடவையை நனைத்துப் பிழிந்து கொடியில் உலர்த்திவிட்டு, "அடுத்த கிருத்திகைக்கு மறுபடியும் மயிலம் போகலாம். அப்போதும் மூடியில்லாத சொம்புதான் கொண்டு வருவேன்" என்று சொல்லியிருக்கிறாள்.