எரிமலை தேடி கெர்லிங் வரை: அப்பா அம்மாவின் முதல் ஊர்சுற்றல்

"எரிமலையப் பாக்க இவ்வளவு காசா? நமக்கெல்லாம் வேணாம்மா."

இந்தோனேசியாவின் புரோமோ எரிமலைக்கான சுற்றுலாக் கட்டணத்தைக் கைப்பேசியில் காட்டியபோது அம்மா சொன்ன பதில் இது. அப்பா அம்மாவின் 25ஆம் ஆண்டுத் திருமண நாளுக்காக நான் போட்ட திட்டம் அங்கேயே முடிந்தது.

அப்பா லாரி ஓட்டுநர். கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்பவர். வாழ்நாளில் பாதியைச் சாலையிலேயே கழித்தவர், ஊர் பார்ப்பதற்கென்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. கல்யாணம், கருமாதி, பத்துமலைத் தைப்பூசம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள்.

பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கும் எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. தீபகற்ப மலேசியாவில் சீறும் எரிமலை இல்லை. ஆனால், பூமிக்குள் இருந்த நெருப்பு விட்டுச் சென்ற தடயங்களைச் சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மலையடிவாரம் வரை ஒரே நாளில் காரில் போய்ப் பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பழைய மைவி காரில் புறப்பட்டோம். அப்பா ஓட்ட, அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். வரைபடத்தோடு நான் பின்னால்.

நீரிணைக்கு அப்பால்

முதல் நிறுத்தம் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டைக் குன்று இது. 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் உச்சியில் நிற்கிறது. குரங்குகளுக்குப் பயந்து அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேற்கே மலாக்கா நீரிணை, அதற்கு அப்பால் சுமத்ரா.

"அந்தப் பக்கம் அத்தனை எரிமலை இருக்கு. இந்தப் பக்கம் ஏன் ஒன்னுமில்ல?" என்று கேட்டார் அப்பா.

இந்தியப் பெருங்கடலுக்கு அடியிலுள்ள நிலத்தட்டு, சுமத்ராவின் மேற்குக் கரைக்கு வெளியே நம் தட்டுக்குக் கீழே நுழைகிறது. ஆழத்தில் அது வெளியிடும் நீர், மேலிருக்கும் பாறையை உருகச் செய்கிறது. உருகிய குழம்பு மேலேறி வரும் இடங்களில் எரிமலைகள் வரிசையாக எழுந்துள்ளன. நம் தீபகற்பம் அந்த வரிசைக்கு வெளியே இருக்கிறது. அதற்காக முழுமையாகத் தப்பிவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது அதன் சாம்பல் இங்கேயும் விழுந்தது, இந்தியாவிலும் விழுந்தது. பேராக், லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள கோத்தா தம்பானில் அந்தச் சாம்பல் படிவு கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

வரைபடத்தில் இல்லாத இடம்

அங்கிருந்து பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் அப்பா அம்மாவுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசையும் பெற்றார். அப்பா இத்தனை ஆண்டுகளாகச் சுமந்த குலைகளின் கதை தொடங்கிய இடம் அது.

சற்றுத் தள்ளி, அம்மா பிறந்த தோட்டத்துக்குப் போகும் மண்சாலையில் அப்பா காரைத் திருப்பினார். அது என் திட்டத்தில் இல்லை. லயத்து வீடுகள் ஒன்றுகூட இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. அரசமரமும் அதனடியில் சின்ன அம்மன் கோயிலும் மட்டும் இருந்தன. அம்மா கோயிலுக்கு முன் நின்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "இங்க ஆயாக் கொட்டகை. அந்த மேட்டுல கிராணி வீடு. இது பெரட்டுக் களம். விடியுமுன்ன எங்கம்மா இங்க வந்து நிப்பாங்க."

பிறகு என் கையிலிருந்த நிலவியல் வரைபடத்தை எட்டிப் பார்த்து, "இதுல எங்க தோட்டம் எங்க இருக்கு?" என்று கேட்டார். 20 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளுக்கெல்லாம் அதில் நிறம் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் வாழ்ந்த அந்த லயங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கல்லிலிருந்து வந்த ஈயம்

பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றியுள்ள பெரிய குட்டைகள் இயற்கையானவை அல்ல. ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற பள்ளங்கள் அவை. நீரில் மிதந்தபடியே மண்ணை வாரி ஈயத்தைப் பிரிக்கும் ராட்சத இயந்திரங்கள் ஒரு காலத்தில் இங்கே இயங்கின. அந்த ஈயம் எங்கிருந்து வந்தது? கிழக்கே தெரியும் தித்திவாங்சா மலைத்தொடரிலிருந்து. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு, வெளியே வராமல் ஆழத்திலேயே மெல்ல ஆறிக் கருங்கல்லானது. ஈயமும் அதோடு வந்தது. மேலிருந்த மண் காலப்போக்கில் அரிக்கப்பட்டுக் கல் வெளியே தெரிய, மழையும் ஆறுகளும் ஈயத்தைச் சமவெளிக்கு இழுத்து வந்தன.

ரவாங் போய்க் கூட்டரசு நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினோம். செரண்டா, பத்தாங் காலி, ராசா எனச் சிற்றூர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். இந்த வரிசையில் வரும் கோல குபு பாரு, பெயரிலேயே 'புதிய' என்ற சொல்லைக் கொண்ட ஊர். பழைய ஊர் 1883இல் அணை உடைந்து சீரழிந்தது. பின்னர், ஈயச் சுரங்க மண் ஆற்றை நிரப்பியதால் வெள்ளம் ஓயவில்லை. அதனால் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள்.

கெர்லிங் சுடுநீர்

மாலையில் கெர்லிங் சுடுநீர் ஊற்றை அடைந்தோம். "அப்ப அடியில எரிமலை இருக்குதானே?" என்றார் அம்மா. பலரும் நினைப்பது இதுதான். ஆனால் இல்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் கீழே செல்லும்போதும் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை கூடும். மழைநீர் கருங்கல்லின் விரிசல்கள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறொரு விரிசல் வழியே மேலே வருகிறது. கருங்கல்லிலுள்ள யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களும் கொஞ்சம் வெப்பம் தருகின்றன.

"மெதுவா வை, சுடும்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார் அப்பா. இருவரும் காலை நனைத்தபடி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.

சிலாங்கூரில் உண்மையான எரிமலைப் பாறையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா? பகாங் எல்லையில், காராக் நெடுஞ்சாலையோரம் உள்ள கெந்திங் செம்பாவுக்குப் போகலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்ததன் பாறைகள் இன்றும் இருக்கின்றன. எங்கள் அடுத்த பயணம் அங்கேதான்.

அதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. வீடு திரும்பியதும் அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். கோயில், லயங்கள், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம், யார் வீடு எங்கே என்று அம்மா சொல்லச் சொல்ல வரைந்து வருகிறோம். விட்டுப்போன வீடுகளை அப்பா நினைவுபடுத்துகிறார்.

மாணவ நண்பர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் பெற்றோரை, தாத்தா பாட்டியை அவர்கள் பிறந்த தோட்டத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பாறைகள் இன்னும் பல கோடி ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எந்த வீடு எங்கே இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.