ஆயிரம் முறை அதே குழி

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நெல்சன் லெட்ஜஸ் என்றொரு பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.2 கிலோமீட்டர். வேகத்துக்கும் பெயர்ந்த தாருக்கும் நெடுங்காலம் பேர்போன இடம். பனிக்காலத்தில் விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர், உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துத் தாரைப் பிளக்கும். உருகி வடிந்ததும் அடியில் பொந்து விழும். மேலே சக்கரம் ஏற ஏற, பொந்து குழியாகும்.

இங்கேதான் 24 மணி நேரம் ஓயாமல் ஓடும் பந்தயங்கள் நடந்தன. ஓட்டியவர்களில் பலர் இதைப் பிழைப்பாகக் கொள்ளாத ஆர்வலர்கள். ஜே லாம் 2006இல் தொடங்கிய '24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற கேலிப் பந்தயமும் இங்கே வந்திருக்கிறது. அதன் விதி வேடிக்கையானது: வண்டியின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது. கவிழ்ந்தாலும் ஓட்டுநரை நசுங்கவிடாத எஃகுக் கூண்டு போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. ஆக, காயலான் கடைக்குப் போகும் வழியில் திருப்பிக் கொண்டுவந்த வண்டிகள்!

சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நிற்காமல் ஓடினால் ஒரு நாளில் 960 சுற்று. விலகி ஓட்டத் தெரியாதவரின் சக்கரம் அதே குழியில் ஏறக்குறைய ஆயிரம் முறை விழும்.

ஒவ்வொரு அடியையும் முதலில் வாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளேயிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, துள்ளலை வெப்பமாக்கிவிடுகிறது. அடி தொடர்ந்தால் எண்ணெய் சூடேறி இளகும். வாயு கலந்து நுரைக்கவும் செய்யும். நுரை எளிதில் அமுங்கிவிடுவதால் அடக்குகிற ஆள் இல்லாமல் சக்கரம் தரையைவிட்டுக் குதிக்கும். இதற்காகவே நல்ல ஷாக் அப்சார்பர்களில் நைட்ரஜனை அழுத்தி அடைத்து, எண்ணெயை நுரைக்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இதைவிடப் பொல்லாதது பிரேக்கில் நடக்கிறது. குழியில் அடிபட்ட சக்கரத்தின் பேரிங் இம்மியளவு ஆடினால் போதும். பிரேக் டிஸ்க் சாய்ந்து, பக்கத்திலிருக்கும் பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் அது வெறுமனே உள்ளே போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறதே! அதனால் தேர்ந்த ஓட்டுநர்கள், வளைவு வருவதற்கு முன்பே இடது காலால் பெடலை லேசாகத் தட்டி, பேட்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து வலது காலை எடுக்க மாட்டார்கள். எனக்கு இந்தப் பந்தயத்தில் மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

நட்டுகளுக்கும் தனிக் கதை உண்டு. பக்கவாட்டு அதிர்வில் மரையின் உராய்வுப் பிடி கணநேரம் நழுவ, நட்டு தானாகவே திரும்பிக் கழலும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் வழி மலிவானது. நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக பெயிண்ட் இழுத்துவிடுவார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது. நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு பார்வை போதும்.

குழியை விலக்கி ஓட்டினால் சுற்றுக்கு 2 நொடி வீணாகலாம். 960 சுற்றுக்கு மொத்தம் 32 நிமிடம். உடைந்த பேரிங்கைக் கழற்றி மாற்ற அதைவிட அதிக நேரம் பிடிக்கக்கூடும்.

லெமன்ஸில் அதிகச் சுற்று ஓடிய வண்டிக்கும் பரிசு உண்டு. ஆனால் அங்கே தலையாய பரிசாக மதிக்கப்படுவது 'இண்டெக்ஸ் ஆஃப் எஃப்ளூயன்சி'. ஓடவே ஓடாது என்று எல்லோரும் கைவிட்ட வண்டி நெடுந்தூரம் ஓடிக் காட்டினால், அந்தப் பரிசு அதற்குத்தான்.