படிக்கப் போகும் நாட்டில் பழகி வாழ்தல்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். இசட் புள்ளி போதாவிட்டால் என்ன செய்வது? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? எவ்வளவு செலவாகும்? ஹலால் சாப்பாடு கிடைக்குமா? விடுதி பாதுகாப்பானதா? இவை எல்லாம் அவசியமான கேள்விகள்தாம். ஆனால், "அந்த ஊர் மனிதரோடு பிள்ளை எப்படிப் பழகப் போகிறாள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் பெரியும்மாவின் மகள் மலேசியாவில் பட்டப்படிப்பை முடித்து வந்திருக்கிறார். அவரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இக்கேள்விக்கு விடை தேட முனைகிறேன்.

தாத்தா போன புதிதில் இலங்கைப் பிள்ளைகள் ஐவரோடுதான் எப்போதும் இருந்தாராம். சமைத்தது நம் கறி, பேசியது நம் பேச்சு, இரவானால் வட்ஸ்அப்பில் உம்மாவோடு கதை. விரிவுரை ஆங்கிலத்தில் நடந்ததால் மலாய் மொழியும் தேவைப்படவில்லை. "ஆறு மாதம் ஒரு ஊரில் இருந்தேன். அந்த ஊரில் என் பெயர் தெரிந்த ஒருவர்கூட இல்லை" என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பிற நாட்டுப் பண்பாட்டோடு கலப்பது என்றால் நம்முடையதை விட்டுவிடுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியல்ல. அங்குள்ளவர்கள் எதை மரியாதை என்று நினைக்கிறார்கள், எதற்கு மகிழ்கிறார்கள், எதனால் மனம் நோகிறார்கள் என்று அறிந்து அதற்கேற்ப நடப்பதே கலப்பதாகும். மனிதர்கள் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்ற கருத்தை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆவது வசனத்தில் நாம் படித்திருக்கிறோம்.

முதல் வாசல் மொழி. மலாய் மொழி நாம் நினைப்பதுபோல் கடினமானதல்ல. காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறுவதில்லை. 'புக்கு' என்றால் புத்தகம். 'புக்கு-புக்கு' என்று இரண்டு முறை சொன்னால் புத்தகங்கள். நம் கப்பல் அங்கே 'காப்பால்', நம் கடை 'கெடாய்', வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடால்'. தமிழ் வணிகர் கடல் கடந்து போன காலத்தின் அடையாளங்கள் இவை. அரபு எழுத்துகளோடு சில புதிய எழுத்துகளையும் சேர்த்து மலாயை எழுதும் முறைக்கு 'ஜாவி' என்று பெயர். நம் மூதாதையர் அரபுத்தமிழை எழுதியதும் அதே வழியில்தான். மூத்த சகோதரியை அவர்கள் 'காக்காக்' என்பார்கள். நம்மில் பலர் மூத்த சகோதரரைக் காக்கா என்று அழைப்பதால், தாத்தாவுக்கு முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்!

இரண்டாவது வாசல் பழக்கவழக்கம். பெரியவர்கள் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது சற்றுக் குனிந்து, வலது கையைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். ஒன்றைக் காட்டுவதற்குச் சுட்டுவிரலை நீட்டமாட்டார்கள். விரல்களை மடக்கிப் பெருவிரலால் காட்டுவார்கள். வயதில் மூத்த பெண்ணை 'மாக் சிக்' என்றும் ஆணை 'பாக் சிக்' என்றும் அழைப்பார்கள். கண்டவுடன் 'சுடா மாக்கான்?', அதாவது 'சாப்பிட்டாயா?' என்று விசாரிப்பார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே!

மூன்றாவது வாசல் நோன்பும் பெருநாளும். மலேசிய முஸ்லிம்களும் பெரும்பாலும் நம்மைப் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நோன்பு காலத்தில் கோலாலம்பூர் கம்போங் பாருவிலுள்ள பள்ளிவாசலில் 'புபூர் லம்புக்' என்ற கஞ்சியைப் பெரிய பாத்திரங்களில் காய்ச்சிப் பகிர்வார்கள். நம் பள்ளிவாசல் கஞ்சியை நினைத்து ஏங்குபவளுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன? பெருநாளோ ஒரு நாளில் முடிவதில்லை. ஷவ்வால் மாதம் முழுவதும் 'திறந்த வீடு' வைத்து, சீனரும் இந்தியரும் உட்பட எல்லோரையும் அழைத்து உணவளிப்பார்கள்.

சாப்பாட்டிலும் உறவு இருக்கிறது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றோடு நெத்தலி, கச்சான், முட்டை, வெள்ளரிக்காய், 'சம்பால்' ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவே 'நாசி லெமாக்'. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வாழ்ந்துவரும் மலாய் மக்களால் இந்தச் சுவைகளில் சில நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை.

இவற்றைப் படிக்கும்போது எல்லாம் இனிமையாகத் தோன்றலாம். தாத்தாவுக்குச் சங்கடமும் இருந்தது. அவருடைய அறைத் தோழி சீனப் பெண். அவள் அன்போடு நீட்டிய உணவைத் தாத்தா காரணம் சொல்லாமல் பல வாரம் மறுத்திருக்கிறார். தன்னை வெறுப்பதாக அவள் நினைத்துவிட்டாள். ஒரு நாள் துணிந்து ஹலால் என்றால் என்ன என்று விளக்கியபோது, "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றாளாம். அதன் பிறகு அவள் பழங்கள் வாங்கி வருவாள். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நம் எல்லையைக் காப்பதற்கு ஒதுங்கி நிற்கத் தேவையில்லை, வாய் திறந்து சொன்னால் போதும் என்பதை நான் இதிலிருந்து கற்றேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் மற்ற இலங்கைப் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிட, தாத்தா மட்டும் விடுதியில் தங்கினார். அப்போது அவருக்குக் கடுங்காய்ச்சல். இரண்டு நாளாக அவரைக் காணாமல் கதவைத் தட்டியவர் விடுதியைத் துப்புரவு செய்யும் மாக் சிக். தினமும் ஸலாம் சொல்லி, தெரிந்த நாலு மலாய்ச் சொற்களில் தாத்தா நலம் விசாரித்த பெண்மணி அவர். அவரே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். டெங்கு என்று தெரிந்தது. பெரியும்மா இங்கே அழுதுகொண்டிருந்தபோது, அங்கே ஒரு தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் பாதுகாப்பு விடுதிப் பூட்டில் மட்டும் இல்லை. அவளை அறிந்த மனிதர்களிடத்திலும் இருக்கிறது.

ஆகவே, போக இருக்கும் சகோதரிகளே, புறப்படுமுன் நூறு சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரு வேளையாவது அந்நாட்டுப் பிள்ளைகளோடு உண்ணுங்கள். சில பல்கலைக்கழகங்கள் மாணவரைக் கிராமத்து வீடுகளில் தங்கவைக்கும் 'வளர்ப்புப் பிள்ளை' திட்டத்தை நடத்துகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். நம் மார்க்கத்துக்கு ஒவ்வாத ஒன்றுக்கு அழைத்தால் சிரித்த முகத்தோடு காரணத்தைச் சொல்லி மறுங்கள். பெற்றோரே, தொலைபேசியில் "என்ன சாப்பிட்டாய்?" என்பதோடு "இன்று யாரோடு பேசினாய்?" என்றும் கேளுங்கள்.

வெளிநாடு போகாதவர்களுக்கும் இது பொருந்தும். நாளை பேராதனையிலோ ருகுணையிலோ விடுதி அறையில் நமக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களச் சகோதரி இருப்பாள். அவளுடைய வீட்டில் பெரியவர்களை எப்படி அழைப்பார்கள், வெசாக் நாளில் என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. கடல் கடக்குமுன் நான் தொடங்க வேண்டிய பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.