பழைய ஆட்டம், புதிய பெட்டி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா சென்ற மாணவர்களில் பலர் முட்டுக்காட்டில் இறங்கியிருப்பீர்கள். அங்கே படகுத்துறைக்குச் சற்று முன்னால் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்த இடத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பல நிற்கின்றன. கேரளத்தில் கோட்டயத்துக்கு அருகிலுள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீடு அவற்றுள் ஒன்று. பழைய வீட்டை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடியும் பூட்டியிருக்கிறார்கள். மண் சுவரைப் பெயர்த்து எடுத்துவர முடியாதல்லவா? ஆகவே வேறு சில வீடுகள் அந்தந்த ஊர் முறைப்படி இங்கேயே புதிதாக எழுப்பப்பட்டன.

அப்படியானால் புதுப்பள்ளி வீடு பழைய வீடா, புதிய வீடா? மரம் அதே மரம். ஆனால் ஊர் வேறு, மண் வேறு, வீசுவதோ கடலின் உப்புக் காற்று. இதே கேள்வியை வீடியோ விளையாட்டுகளைப் பற்றிக் கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்று இக்கட்டுரையில் பார்ப்போம். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவனுக்கு வீடியோ விளையாட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விளையாடி வருகிறேன். இயற்பியல் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது!

பழைய விளையாட்டுகளை இன்று இரு வகையாக விற்கிறார்கள். பழைய நிரலை அப்படியே எடுத்துப் புதிய யந்திரத்தில் ஓடச் செய்வது ஒரு வகை. கதையையும் அமைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது மற்றொரு வகை. சினிமாவில் முதலாவதை ரீ-ரிலீஸ் என்றும் இரண்டாவதை ரீமேக் என்றும் சொல்கிறோம். 'கில்லி' படம் இரண்டுக்கும் உதாரணம். தெலுங்கில் 2003-இல் வந்த 'ஒக்கடு' படத்தின் ரீமேக்காக 2004-இல் வெளிவந்து, 2024 ஏப்ரலில் ரீ-ரிலீஸும் ஆயிற்று.

படத்தை விடுங்கள், தெருவில் ஆடும் கில்லியை எடுத்துக்கொள்வோம். தெற்கே கிட்டிப்புள் என்பார்கள். அதையும் பல்லாங்குழியையும் பிளாஸ்டிக்கில் செய்து விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்கு ஒன்றும் கெட்டுவிடாது. சோழிக்குப் பதில் புளியங்கொட்டை போட்டாலும், செல்போன் திரையில் ஆடினாலும், குழிக்கணக்கு மாறாதவரை அது பல்லாங்குழியே. கில்லி அப்படியல்ல. கட்டையின் எடை மாறினால் அது எழும்பும் உயரம் மாறும். மீள்தன்மை மாறினால் பறக்கும் தூரம் மாறும். விதிகள் அப்படியே இருந்தும் ஆட்டம் வேறாகிவிடும். ஏனெனில் பல்லாங்குழியின் உயிர் விதியில் இருக்கிறது; கில்லியின் உயிர் பொருளிலும் காலத்திலும் இருக்கிறது.

பெரும்பாலான பழைய வீடியோ விளையாட்டுகள் கில்லியின் இனத்தைச் சேர்ந்தவை. மறுபடியும் செய்ய வருகிறவர்கள் அவற்றைப் பல்லாங்குழி என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது என்பது என் கட்சி.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டைப் பாருங்கள். ஜப்பானைச் சேர்ந்த டோமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கியது. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 வேற்றுலகப் பகைவர்கள் மெல்ல இறங்கி வருவார்கள். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். பகைவர் குறையக் குறைய எஞ்சியவர்கள் வேகம் கூட்டுவார்கள். கடைசி ஆள் மின்னல்போல் ஓடுவான். ஆடுகிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்த வேகத்துக்குக் காரணம் யாது? யந்திரத்தின் இயலாமைதான்! அதிலிருந்த இன்டெல் 8080 என்னும் சில்லு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. இன்றைய செல்போனோடு ஒப்பிட்டால் நத்தை. திரையில் விநாடிக்கு 60 முறை படம் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகைவனைத்தான் நகர்த்த நேரம் இருந்தது. ஆகவே 55 பேரும் ஓரடி வைக்க 55/60 விநாடி, அதாவது ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். 10 பேர் இருந்தால் 1/6 விநாடி. ஒருவனே இருந்தால் 1/60 விநாடி. இந்தப் பழைய நிரலின் போக்கை அறியாமல், 55 பேரையும் ஒரே கணத்தில் நகர்த்தவல்ல இன்றைய கணிப்பொறியில் புதிதாக எழுதினால் என்ன ஆகும்? முதலாமவனும் கடைசி ஆளும் ஒரே வேகத்தில் ஓடுவார்கள். பகைவர் இருப்பார்கள், துப்பாக்கி இருக்கும், நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்ளாது. பழைய நத்தை வேகத்தைப் புதிய யந்திரத்தில் வேண்டுமென்றே கணக்கிட்டுக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து திரைக்கு வருவோம். பின்புறம் பெருத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படக்குழாய் இருந்தது. எலெக்ட்ரான் கற்றை ஒன்று திரையின் பூச்சின்மேல் வரிவரியாக மேலிருந்து கீழே ஓடும். அது பட்ட இடம் கணநேரம் ஒளிர்ந்து அணையும். குறியீடு உள்ளே வந்த அதே கணத்தில் ஒளியாக வெளியே போய்விடும். படத்தைச் சேமித்து வைக்கும் வேலையே கிடையாது. இன்றைய தட்டைத் திரை அப்படிச் செய்வதில்லை. வருகிற படத்தை முழுதாக வாங்கி, அளவு மாற்றி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். இதற்குச் சில பெட்டிகளில் 50 மில்லி விநாடியும் அதற்கு மேலும் பிடிக்கிறது.

50 மில்லி விநாடி ஒரு நேரமா என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து விநாடிக்கு 40 மீட்டர் செல்லும். 50 மில்லி விநாடியில் 2 மீட்டர் தாண்டிவிடும். மட்டையாளரின் கண்ணுக்கு எல்லாம் 2 மீட்டர் தாமதமாகத் தெரிந்தால் ஆட முடியுமா? 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் முழு வேகத்தில் ஓடும் மரியோ 1/60 விநாடிக்குச் சுமார் இரண்டரைப் படப்புள்ளி நகர்கிறான். 50 மில்லி விநாடி தாமதமானால் ஏழரைப் புள்ளி. ஒரு செங்கல்லின் அகலம் 16 புள்ளி. ஆக, பள்ளத்தின் விளிம்பில் தாவ வேண்டியவன் அரைச் செங்கல் தள்ளித் தாவுகிறான். விழுந்துவிட்டு, வயதாகிவிட்டது என்று என் தலைமுறையினர் நொந்துகொள்கிறார்கள். வயது காரணமல்ல என்று நான் சாதிப்பதில்லை. முழுக் காரணம் அதுவல்ல!

வாத்து சுடும் விளையாட்டின் கதி இன்னும் மோசம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டி.வி. கேம்' பெட்டியோடு பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றும் வந்தது. அதிலிருந்து எதுவும் பாயாது. விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுக்கும்; உடனே வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளியுணர் கருவிக்கு அந்த வெளிச்சம் உரிய நேரத்தில் எட்டினால் வாத்து விழும். தட்டைத் திரையில் வெள்ளைக் கட்டம் தாமதமாகத்தான் வருகிறது. துப்பாக்கி அதற்குள் 'குறி தவறியது' என்று முடிவு செய்துவிடும். பெட்டி பழுதில்லை, துப்பாக்கியும் பழுதில்லை. ஆனாலும் அந்த வாத்து சாகாவரம் பெற்றுவிட்டது.

நாட்டுக்கு நாடு மாறும் சிக்கலும் உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பழைய தொலைக்காட்சி விநாடிக்கு 60 முறை படம் வரைந்தது. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 முறை. 60-க்கு எழுதிய விளையாட்டை மாற்றாமல் 50-இல் ஓட்டினால் 5/6 பங்கு வேகமே கிடைக்கும். 1991-இல் வந்த 'சோனிக்' என்னும் நீல முள்ளெலி இப்படித்தான் ஐரோப்பாவில் சோம்பேறியாக ஓடியது. இது பழங்கதை என்று எண்ணாதீர்கள். 2018 டிசம்பரில் சோனி நிறுவனம் தன் பழைய விளையாட்டுகள் 20-ஐச் சிறு பெட்டி ஒன்றில் அடைத்து வெளியிட்டபோது, அவற்றுள் பலவற்றை அந்த 50 பதிப்பிலேயே போட்டுவிட்டது. பழைய தவற்றைக்கூட விசுவாசமாகப் பாதுகாத்தார்கள் என்று சொல்லி நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோனிக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. அதில் வரும் அருவியை ஒன்றுவிட்டு ஒன்றாக நெடுங்கோடுகளாக வரைந்திருந்தார்கள். பழைய கம்பியிணைப்பிலும் படக்குழாயிலும் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி, பின்னால் உள்ளதைக் காட்டும் தெள்ளிய நீராகத் தோன்றும். கூர்மையான புதிய திரையில் அருவி இல்லை, சீப்புதான் தெரிகிறது! கூர்மை கூடினால் உண்மை கூடும் என்பது சரியல்ல. ஓவியர் அந்தக் கலங்கலையும் ஒரு வண்ணமாகவே பயன்படுத்தினார்.

படத்தை அழகாக்கப் போய் ஆட்டத்தைக் கெடுத்ததற்குப் பேர்போன உதாரணம் 2021 நவம்பரில் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' மூன்று விளையாட்டுத் தொகுப்பு. (இவை வயது வந்தோருக்கானவை, உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. இயற்பியலுக்காக மட்டும் சொல்கிறேன்.) 2004-இல் வந்த மூலத்தில் தொலைவிலுள்ளவற்றை வரைய யந்திரத்துக்குச் சக்தி போதவில்லை, ஆகவே தூரத்தைப் பனிமூட்டம் போட்டு மறைத்தார்கள். மார்கழி அதிகாலையில் முட்டுக்காட்டுப் பாலத்தின்மேல் நின்று உப்பங்கழியைப் பாருங்கள். மூட்டத்தில் எதிர்க்கரை மறைந்திருந்தால் நீர்ப்பரப்பு கடல்போல் விரிந்து தோன்றும். வெயில் ஏறியதும் 'இவ்வளவுதானா!' என்றாகிவிடும். புதிய தொகுப்பில் மூட்டத்தை நீக்கியதும் அதேதான் நடந்தது. மலை, பாலைவனம், நகரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பொம்மைத் தீவாக அந்த நாடு சுருங்கிவிட்டது. இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று. புதியதை வெளியிடுமுன் பழைய பதிப்புகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளையாடுவோர் கொதித்தெழவே, நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பழையவற்றைத் தன் கணிப்பொறிக் கடையில் மறுபடியும் வைத்தது.

நம் நாட்டோடு தொடர்புடைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற விளையாட்டை ஜோர்டான் மெக்னர் 1989-இல் ஆப்பிள் கணிப்பொறிக்காக எழுதினார். தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அதைப் பார்த்து இளவரசனை வரைந்தார். அதனால்தான் அந்த இளவரசனுக்கு நிலைமம் உண்டு. ஓடுகிறவன் சட்டென நிற்க மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். அதன் மூலநிரல் தொலைந்துபோயிற்று என்றே மெக்னர் எண்ணியிருந்தார். 2012-இல் அவருடைய தந்தையின் வீட்டில் பழைய நெகிழ்தட்டுகள் அகப்பட்டன. அந்தத் தட்டுகளில் செய்தி காந்தத் துகள்களின் திசையாகப் பதிந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மங்கும். வல்லுநர்கள் வந்து பொறுமையாகப் படித்து மீட்டார்கள்.

இந்த வரிசையில் 2003-இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்னும் விளையாட்டில் இளவரசன் கையிலுள்ள கட்டாரி காலத்தையே பின்னோக்கி ஓட்டும். மாயம் ஒன்றுமில்லை. கடந்த சில விநாடிகளில் ஒவ்வொரு பொருளும் எங்கே, எப்படி இருந்தது என்பதை யந்திரம் குறித்து வைத்துக்கொண்டு, தலைகீழாகப் படிக்கிறது. இதை ரீமேக் செய்யும் பொறுப்பை யூபிசாஃப்ட் நிறுவனம் தன் புனே, மும்பைக் கூடங்களிடம் தந்து 2020 செப்டம்பரில் அறிவித்தது. உலகப் புகழ்பெற்ற விளையாட்டு ஒன்று இந்தியக் கைகளில் என்று மகிழ்ந்தேன். முன்னோட்டம் வந்ததும் முகம் சரியில்லை, ஒளி சரியில்லை என்று உலகம் முழுவதும் குறை கூறினார்கள். வெளியீடு தள்ளிப்போயிற்று. 2022-இல் வேலை கனடாவின் மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது. எல்லோரும் முகத்தையே பேசினார்கள். காலம் பின்னோக்கி ஓடும்போது கை உணரும் உணர்வு எப்படி இருந்தது என்று கேட்பதற்குக்கூட வாய்ப்பில்லாமல் போயிற்று. ஆறு ஆண்டு உழைப்பில் நமக்கு மிஞ்சியது முன்னோட்டப் படம்தான்.

நான் மெச்சும் முறை 2009-இல் வந்த 'மங்கி ஐலண்ட்' மறுபதிப்பில் இருந்தது. ஒரு விசையை அழுத்தினால் புதிய படம்; மறுபடியும் அழுத்தினால் 1990-இன் பழைய படம். பழையதை மறைக்காமலே புதியதைக் கொடுத்தார்கள். எல்லோரும் இப்படிச் செய்தால் ரீமேக்கை எதிர்க்க எனக்குக் காரணமே இராது.

ஆனால் நிலைமை வேறு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் எந்த வடிவிலும் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே எடுத்துக்காட்ட நூலகங்கள் கேட்ட அனுமதியை அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. இதற்கிடையே தட்டுகளின் காந்தம் மங்குகிறது. விளையாட்டுப் பேழைகளுக்குள் ஆடியவரின் கணக்கைக் காத்து நிற்கும் பொத்தான் மின்கலங்கள் தீர்ந்துபோகின்றன. ரீமேக் செய்பவர்கள் வீட்டை அழகாகக் கட்டட்டும். புதுப்பள்ளி மரம் உளுத்துப்போவதற்குள் அதை எடுத்து வைப்பவர் யார் என்பதுதான் என் கவலை.

கடைசியாக நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டுக் கருவி இருந்தால், விநாடிக்கு 240 படம் எடுக்கும் 'ஸ்லோ மோஷன்' வசதியுள்ள செல்போன் ஒன்றை இரவல் வாங்குங்கள். விசையை அழுத்தும் விரலும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்துப் படம்பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி, விரல் அழுத்திய படத்திலிருந்து திரையில் அசைவு தோன்றும் படம்வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 1/240 விநாடி, அதாவது சுமார் 4.2 மில்லி விநாடி. கிடைப்பது கருவியின் தாமதமும் திரையின் தாமதமும் சேர்ந்த மொத்தம். இப்போது தொலைக்காட்சியின் அமைப்புகளில் 'கேம் மோடு' என்பதை இயக்கிவிட்டு மறுபடியும் அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மெருகேற்றுவதற்காக உங்கள் திரை எடுத்துக்கொண்ட நேரம். ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். பரணில் பழைய படக்குழாய்ப் பெட்டி கிடந்து, அதை மின்பழுது பார்ப்பவர் ஒருவர் சோதித்து இயக்கித் தந்தால், அதிலும் ஒருமுறை அளந்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.